ஐந்தரைக்கு முன்னால் போட்ட கேன்

போன கார்த்திகை மழையில், வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடும் என் மாமாவின் கணக்கு நோட்டு நனைந்தது. மீன்பாடி வண்டியின் சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் கவருக்குள்தான் வைத்திருந்தார். கவர் ஓரத்தில் கிழிந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. எப்போதும் பால்பாயின்ட் பேனாவில் எழுதுகிறவர், அந்த மாதம் யாரோ கொடுத்த ஜெல் பேனாவில் எழுதியிருந்தார். வீட்டுக்கு வந்து விரித்தால் பாதிப் பக்கங்கள் வெறும் நீலக்கறை. பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலுமாக 140 வீடுகள். எந்த வீட்டுக்கு எத்தனை கேன் போட்டோம், எத்தனை காலி திரும்பவில்லை, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்தக் கறையோடு போயிற்று.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் நின்று, "நீங்களே சொல்லுங்கம்மா, எவ்ளோ தரணும்?" என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். பணத்தில் பெரிய நஷ்டம் இல்லை. காலி கேன் விஷயம்தான் அடித்தது. தங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருப்பவற்றில் எத்தனை மாமாவுடையது, எத்தனை வேறு ஆள் போட்டது என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. 20 லிட்டர் கேன் ஒன்று போனால், பத்து முறை தண்ணீர் போட்டுச் சம்பாதித்தது போன மாதிரி.

நான் ஹார்பர் பக்கம் ஒரு க்ளியரிங் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். ஒன்பது வருடமாக டேலியும் எக்செல்லும்தான் எனக்குத் தொழில். நோட்டு நனைவதற்கு முந்தைய ஆறு மாதமாக ராத்திரி நேரங்களில் ஆண்ட்ராய்டு ஆப் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். கூகுள் இலவசமாகக் கொடுக்கும் தொடக்கப் பாடம், காட்லின் என்ற ப்ரோகிராம் மொழியில். 2017இல் கூகுள் ஆண்ட்ராய்டுக்குக் காட்லினை ஏற்றுக்கொண்டது, 2019 முதல் அதைத்தான் முதன்மையாகச் சொல்லித் தருகிறார்கள். பாடத்தில் வரும் டிப்ஸ் கணக்கிடும் ஆப், பகடை உருட்டும் ஆப் எல்லாம் செய்து முடித்திருந்தேன். அவை ஓடின. ஆனால் எனக்கு ஆப் எழுதத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. நனைந்த நோட்டைப் பார்த்த அன்றைக்கு, செய்தால் இதைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் சாமான்கள். என் லேப்டாப் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 8 ஜிபி ரேம். ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, கூடவே கம்ப்யூட்டருக்குள் போனைப் போல நடிக்கும் எமுலேட்டரையும் ஓடவிட்டால் மௌஸ் அம்புகூட நகராது. இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். ஆனாலும் எமுலேட்டரை அத்தோடு விட்டுவிட்டேன். என்னைப் போலச் சாதாரண லேப்டாப்பில் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் நாளிலிருந்தே நிஜ போனில் ஓட்டுங்கள். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பகுதிக்குப் போய், பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளைச் செருகினால் போதும். டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளோடு ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடியிருக்கிறேன்.

முதல் வடிவத்தை இரண்டு வாரத்தில் எழுதினேன். வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் நம்பர், ஒரு தேடல் பெட்டி, பெயர்கள் அகர வரிசையில். ஒவ்வொரு பெயரைத் தொட்டாலும் ஒரு படிவம் திறக்கும், அதில் எண்ணிக்கையைத் தட்டி 'சேமி' அழுத்த வேண்டும். ஆபீஸில் நான் பார்க்கும் மென்பொருள்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். மாமாவிடம் காட்டினேன். நல்லாயிருக்கு என்றார், போனை ஜேபியில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு பதிவு, அதுவும் நான் காட்டும்போது போட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலே முக்காலுக்கு நானும் வண்டியில் ஏறினேன். ஆப்பில் நான் செய்த மாற்றங்களில் முக்கியமானவை எல்லாம் அந்த ஒரு காலையிலிருந்து வந்தவைதான்.

மாமா எந்த வீட்டையும் பெயரால் சொல்வதில்லை. 'மாடி டீச்சர்', 'நாய் வூடு', 'அயர்ன் வண்டிக்கு எதிர்க்க', 'புது கேட்டு', 'பாட்டி செத்துப்போன வூடு'. முகவரியும் கிடையாது. இளைய முதலி தெருவில் நுழைந்தால் இடப்பக்கம் முழுக்க முடித்து, கோடியில் திரும்பி, வலப்பக்கம் வருவார். அதற்கு அவர் வைத்திருக்கும் சொல் லைன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏழு வீடுகளைக் கடைசியில் வைத்துக்கொள்வார். கேட் போட்டுவிட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்ல முடியாது, தண்ணீருக்குக் காத்திருக்கும் மற்ற வீடுகள் தவிக்கும். நோட்டும் அந்த வரிசையிலேயேதான் இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் அடுத்த வீடு. அவருக்கு எதையும் தேட வேண்டியதில்லை. என் ஆப்பில் 'அயர்ன் வண்டி'யும் 'அம்மன் கோயில் மூலை'யும் அடுத்தடுத்து வந்தன. இரண்டுக்கும் நடுவே தெருவில் அறுபது வீட்டுத் தூரம்.

அன்று ராத்திரியே அகர வரிசையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தேன். நடுவில் புது வீடு வந்தால் பின்னால் வரும் அத்தனை எண்ணையும் மாற்ற வேண்டியிருக்குமே என்று யோசித்து, 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எண் போட்டேன். 20க்கும் 30க்கும் நடுவே புது வீடு வந்தால் 25. எங்கள் ஆபீஸில் கணக்குத் தலைப்புகளுக்கு எண் கொடுப்பதும் இப்படித்தான், பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது. போன் நம்பரைக் கட்டாயம் என்று வைத்திருந்ததையும் எடுத்தேன். காட்லினில் ஒரு கேள்விக்குறி போட்டால் அந்த இடம் காலியாக இருக்கலாம் என்று பொருள். 'நாய் வூடு' நம்பர் மாமாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்தது ஈரக் கை. கேனைத் தோளில் ஏற்றி இறக்குகிறவரின் கை எப்போதும் நனைந்திருக்கும். தொடுதிரை நம் விரலின் மின்தன்மையை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. திரையில் தண்ணீர்த்துளி நின்றால் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். மாமா 'சேமி'யைத் தொட, பக்கத்தில் 'நீக்கு' அழுந்தியதை நானே பார்த்தேன். பட்டன்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், போதவில்லை. துண்டால் துடைத்துவிட்டுத் தொடச் சொன்னேன். துண்டும் நனைந்துதான் இருந்தது.

ரயில்வே கேட்டில் வண்டி நின்றிருந்தபோது மாமா பாட்டு சத்தத்தைக் குறைத்தார். போனைப் பார்க்கவே இல்லை. ஜேபிக்கு மேலேயே கட்டைவிரலால் வால்யூம் பட்டனைத் தடவி அழுத்தினார். அது நிஜ பட்டன். தண்ணீர் பட்டாலும் கவலை இல்லை, இருட்டில் கண்ணும் வேண்டாம். மேல் பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒரு கேன் போட்டது, கீழ்ப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒரு காலி எடுத்தது. இதைவிட எளிதாக எதுவும் இருக்க முடியாது என்று கேட்டிலேயே தோன்றிவிட்டது.

ஆண்ட்ராய்டில் ஒரு திரையை நடத்தும் ஆக்டிவிட்டி என்ற வகுப்புக்குள் (கிளாஸ்) 'ஆன் கீ டவுன்' என்ற ஃபங்ஷனை நாமே எழுதிக்கொள்ளலாம். வந்த பட்டன் வால்யூமா என்று பார்த்து, வேலையை முடித்து, 'ட்ரூ' என்று திருப்பிக் கொடுத்தால் போன் சத்தத்தை மாற்றாமல் விட்டுவிடும். பத்து வரிதான். கூடவே அதிர்வும் வைத்தேன்: கேன் போட்டால் ஒருமுறை, காலி எடுத்தால் இரண்டு முறை. திரையைப் பார்க்காமலே சரியாகப் பதிந்ததா என்று கைக்குத் தெரியும். அதிர்வுக்கான அனுமதியை மேனிஃபெஸ்ட் ஃபைலில் எழுத மறந்ததால் முதல் அழுத்திலேயே ஆப் மூடிக்கொண்டது. அது ஐந்து நிமிட வேலை.

பெரிய தப்பு மறுநாள் வந்தது. 'மாடி டீச்சர்' வீட்டில் 37 கேன். இரண்டு கேன் தோளிலும் கையிலுமாக ஏறும்போது, போனைப் பிடித்திருந்த கட்டைவிரல் வால்யூம் பட்டன்மேல் அழுந்தியபடியே இருந்திருக்கிறது. பட்டனை விடாமல் அழுத்தினால் ஆண்ட்ராய்டு அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொன்றும் எத்தனையாவது முறை என்பது 'ரிப்பீட் கவுன்ட்' என்ற எண்ணில் வரும். அது பூஜ்யமாக இருந்தால் மட்டும் எண்ணு என்று ஒரு நிபந்தனை போட்டால் தீர்ந்தது. ஆனால் அதைப் போட உட்கார்ந்தபோதுதான், நீண்ட அழுத்தத்துக்கும் ஒரு வேலை கொடுக்கலாமே என்று பட்டது. அடுத்த வீட்டுக்குப் போக இன்னும் திரையைத்தான் தொட வேண்டியிருந்தது. மேல் பட்டனை அழுத்திப் பிடித்தால் அடுத்த வீடு, கீழ்ப் பட்டனை அழுத்திப் பிடித்தால் முந்தைய வீடு என்று வைத்தால் திரையே தேவையில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அழுத்தியவுடனே ஒரு கேன் ஏற்றிவிட்டால், நீண்ட அழுத்தமா இல்லையா என்று தெரிவதற்குள் ஒரு கேன் அதிகமாகிவிடும். அதனால் அழுத்தும்போது எண்ணாமல், விரலை எடுக்கும்போது எண்ண வேண்டும். 'ஆன் கீ டவு'னில் 'ஸ்டார்ட் ட்ராக்கிங்' என்று சொல்லிவைத்தால், ஆண்ட்ராய்டே அதைப் பின்தொடரும். நீண்ட அழுத்தமாக ஆனால் 'ஆன் கீ லாங் பிரெஸ்' வரும், அங்கே வீட்டை மாற்றலாம். அதன்பின் விரலை எடுக்கும்போது வரும் செய்தியில் 'ரத்து' என்ற குறி இருக்கும். அந்தக் குறி இல்லாவிட்டால் மட்டும் கேனை எண்ண வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ராத்திரி ஆனது. புரிந்தபின் வந்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது. அந்த வாரம் மாமா 140 வீட்டையும் ஒருமுறைகூடத் திரையைத் தொடாமல் முடித்தார்.

இனி கணக்கு. இதுதான் என் சொந்த இடம், இங்கேயே நான் தவறியதை மறைக்காமல் எழுத வேண்டும்.

முதல் வடிவத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் 'பாக்கி' என்று ஒரு கட்டம், 'காலி கேன்' என்று ஒரு கட்டம். கேன் போட்டால் கட்டத்தில் இருக்கும் எண்ணைக் கூட்டு, பணம் வந்தால் கழி. பார்க்க எளிது. ஒருநாள் 'புது கேட்டு' வீட்டம்மா, "நாங்க போன வாரமே நூறு ரூபா கொடுத்துட்டோமே" என்றார்கள். பாக்கி 280 என்று காட்டுகிறது ஆப். அந்த 280 எப்படி வந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. மாமாவின் பழைய நோட்டில் அந்தப் பதில் இருந்திருக்கும்: தேதி, நாலு கோடு குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் வாங்கிய பணம். அவர் இருப்பை எழுதவே இல்லை. நடந்ததை மட்டும் எழுதினார், மாசக் கடைசியில் கூட்டினார்.

எங்கள் ஆபீஸிலும் பதிந்த வவுச்சரை யாரும் அழிப்பதில்லை. தப்பாகப் போட்டால் அதற்கு எதிர்ப்பதிவு போடுவோம். ஒன்பது வருடம் தினமும் செய்கிற வேலை. ப்ரோகிராம் எழுத உட்கார்ந்ததும் அது வேறு உலகம் என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு அந்த இரண்டு கட்டத்தையும் தூக்கிவிட்டு, ஒரே அட்டவணை வைத்தேன்: எந்த வீடு, எப்போது, என்ன நடந்தது, எத்தனை. கேன் போட்டது ஒரு வரி, காலி எடுத்தது ஒரு வரி, பணம் வாங்கியது ஒரு வரி. பாக்கியும் காலியும் எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை, கேட்கும்போது கூட்டிச் சொல்லப்படும். வருடம் முழுக்க எழுதினாலும் ஒரு லட்சம் வரியைச் சுற்றித்தான் வரும். போனில் இருக்கும் எஸ்க்யூஎல்லைட் என்ற டேட்டாபேஸ் அதை நொடியில் கூட்டிவிடும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ரூம் என்ற கருவிக்கு ஒரே ஒரு கேள்வி எழுதினால் போதும்.

அப்படியும் ஒன்று நழுவியது. மாசியில் வெயில் ஏறியதும் கேன் விலை 35லிருந்து 40 ஆனது. செட்டிங்ஸில் விலையை மாற்றினேன். உடனே போன மாதத்துக் கேன்களும் 40 ரூபாயில் கணக்காகி எல்லார் பாக்கியும் ஏறிவிட்டது. விலையை ஒரே இடத்தில் வைத்து, கூட்டும்போது பெருக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விற்ற விலை அன்றைக்கு நடந்ததில் ஒரு பகுதி, அது அந்த வரியிலேயே இருக்க வேண்டும். சரி, விலைக்கு ஒரு புதுக் கட்டம் சேர்ப்போம் என்று சேர்த்து, டேட்டாபேஸின் வெர்ஷன் எண்ணை 1லிருந்து 2 ஆக்கி, மாமா போனில் போட்டேன்.

திறந்தால் எல்லாம் காலி. ஒரு வீடுகூட இல்லை.

காரணம் நான் பல வாரத்துக்கு முன் எழுதிய ஒரு வரி. டேட்டாபேஸின் அமைப்பு மாறும்போது பழையதைப் புதியதற்கு மாற்றும் வழியை நாம் எழுதித் தர வேண்டும், அதற்கு மைக்ரேஷன் என்று பெயர். எழுதாவிட்டால் ரூம் பிழை காட்டி நின்றுவிடும். கற்றுக்கொள்ளும்போது அந்தப் பிழையைக் கடக்க ஒரு குறுக்குவழி உண்டு: 'ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்'. வழி தெரியாவிட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று அர்த்தம். பெயரிலேயே அழிவு இருக்கிறது. பகடை உருட்டும் காலத்தில் அது வசதி. நிஜ மனிதர் ஒருவர் தன் கணக்கை உள்ளே போட ஆரம்பித்த நாளில் அந்த வரியை எடுத்திருக்க வேண்டும்.

மாமா கோபப்படவில்லை. "வுடு பாப்பா, நோட்டுல இருக்குது" என்றார். ஆப் ஆரம்பித்தபிறகும் அவர் நோட்டு எழுதுவதை நிறுத்தவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அன்றைக்கும் அதற்கடுத்த ராத்திரியும் உட்கார்ந்து, 11 நாள் பதிவுகளை நோட்டைப் பார்த்து நானே ஏற்றினேன். ஒவ்வொரு கோட்டையும் தட்டும்போது, இந்த ஒவ்வொன்றும் ஒருத்தர் தோளில் ஏறிய 20 கிலோ என்று நினைத்துக்கொண்டேதான் தட்டினேன். அதற்குப்பின் அந்த வரியை எடுத்தேன், மைக்ரேஷன் எழுதக் கற்றேன், ராத்திரி ஒரு பட்டனை அழுத்தினால் முழுக் கணக்கும் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி ஃபைலாக வாட்ஸப்பில் எனக்கு வரும்படி செய்தேன். யாருக்காவது ஆப் எழுதிக் கொடுப்பதாக இருந்தால், அழகு பார்ப்பதற்கு முன் இந்த பட்டனை வையுங்கள்.

இப்போது தலைப்பில் இருக்கும் விஷயம். பங்குனியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு மாமா போன் செய்தார். "இன்னா பாப்பா, இன்னிக்குப் போட்ட கேனு நேத்து கணக்குல ஏறிகீது?"

எல்லாம் இல்லை, முதல் ஒன்பது வீடு மட்டும். பத்தாவது வீட்டிலிருந்து சரியாக இருந்தது. நான் வீட்டில் சோதித்தேன், எத்தனை முறை போட்டாலும் இன்றைய தேதிதான் வந்தது. மறுநாளும் அவருக்கு முதல் எட்டு வீடு முந்தின நாளில் ஏறியது. அதற்கு மறுநாள் பத்து வீடு. எண்ணிக்கை மாறுகிறது, ஆனால் எப்போதும் லைனின் தொடக்கத்தில்தான். அந்த வரிகளின் நேரத்தை எடுத்துப் பார்த்தேன். 5.04, 5.09, 5.17, 5.26. எல்லாம் சரியாக ஐந்தரைக்கு முன்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அந்த 5.30 உடனே கண்ணில் பட்டிருக்கும். போன் நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து ஓடிய மில்லிவினாடிகளாகத் தருகிறது. நாள் கண்டுபிடிக்க அதை நான் 8,64,00,000ஆல் வகுத்துவிட்டேன், ஒரு நாளுக்கு அத்தனை மில்லிவினாடி. ஆனால் அந்த எண்ணிக்கை உலகப் பொது நேரத்தில் ஓடுவது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே என் கணக்கில் தண்டையார்பேட்டைக்கு நாள் பிறந்தது ராத்திரி பன்னிரண்டுக்கு இல்லை, காலை ஐந்தரைக்கு. நான் சோதித்ததெல்லாம் ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி ஒன்பதுக்குமேல். அந்த நேரத்தில் எப்படிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் மாமா ஐந்தரைக்குமேல்தான் முதல் வீட்டைத் தொடுவார். பங்குனி வெயிலுக்காக அரைமணி முன்னே கிளம்ப ஆரம்பித்ததால் வெளிவந்தது.

திருத்துவது சுலபம் என்று நினைத்தேன். 'லோக்கல் டேட்' என்று ஒரு வகுப்பு இருக்கிறது, நேர மண்டலத்தை 'ஏசியா கொல்கத்தா' என்று கொடுத்துக் கேட்டால் சரியான தேதி தரும். எழுதியவுடன் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ சிவப்புக் கோடு போட்டது. மௌஸைக் கோட்டின்மேல் வைத்து அது சொன்ன தீர்வுகளில் ஒன்றைத் தேர்ந்தேன், கோடு போய்விட்டது. என் போனில் அருமையாக ஓடியது. மாமா போனில் திறந்தவுடன் மூடிக்கொண்டது.

கேபிளைச் செருகி, போன் தன் பிழைகளை எழுதும் லாக்கேட்டைப் பார்த்தேன். 'லோக்கல் டேட்' என்ற வகுப்பே இல்லை என்கிறது. அவர் போன் ஆண்ட்ராய்டு 7. இந்தத் தேதி வகுப்புகள் ஆண்ட்ராய்டு 8இல்தான், அதாவது ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் ஏபிஐ 26 என்று எண்ணிச் சொல்லும் வெர்ஷனில்தான், போனுக்குள் வந்தன. சிவப்புக் கோடு அதைத்தான் சொன்னது. நான் தேர்ந்த தீர்வு, 'இது 26க்கு மேல்தான் ஓடும்' என்று ஒரு குறிப்பை ஒட்டி, எச்சரிக்கையை வாயடைத்ததே தவிர எதையும் சரிசெய்யவில்லை. சரியான வழி வேறு: ஆப்பை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் கிரேடில் ஃபைலில் 'கோர் லைப்ரரி டீஷுகரிங்' என்பதை ஆன் செய்து, அதற்கான லைப்ரரியைச் சேர்த்தால், அந்த வகுப்புகள் ஆப்போடு சேர்த்துக் கட்டப்பட்டுப் பழைய போனிலும் ஓடும். மூன்று வரி. அதன்பிறகு சிவப்புக் கோடு வந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்கப் படிக்காமல் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை.

ஏற்கெனவே தப்பாக ஏறிய வரிகள் இருந்தன. நல்லவேளை, நாள் எண்ணோடு கூடவே போன் தந்த மில்லிவினாடியையும் தொடாமல் அப்படியே சேமித்திருந்தேன். மைக்ரேஷனில் ஒரே ஒரு வாக்கியம்: மில்லிவினாடியோடு 1,98,00,000ஐக் கூட்டி (ஐந்தரை மணி நேரம் அவ்வளவு), பிறகு நாளுக்கு வகு. இந்தியாவில் கோடைக்கு ஒன்று குளிருக்கு ஒன்று என்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் இந்த ஒரே எண் எல்லா நாளுக்கும் பொருந்தும். இந்த முறை முதலில் சிஎஸ்வி எடுத்து, என் போனில் அவருடைய கணக்கை ஏற்றி ஓட்டிப் பார்த்து, நோட்டோடு மூன்று நாளை ஒப்பிட்டபின்தான் அவர் போனைத் தொட்டேன். எல்லாக் கேனும் தன் தன் நாளுக்குத் திரும்பின.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. காலை வெயிலில் கறுப்புப் பின்னணி தெரியவில்லை, வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு மாற்றினேன். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு ஏற்றபடி வைத்திருந்ததால் 'கி', 'கீ' எழுத்துகளின் மேல்பகுதி வெட்டுப்பட்டது, உயரத்தைக் கூட்டினேன். ப்ளே ஸ்டோரில் போடவில்லை. கணக்கு தொடங்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர், அதற்குமேல் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர்கள் 12 பேரை வைத்து 14 நாள் சோதனை ஓட்ட வேண்டும். ஒரே ஒருவர் பயன்படுத்தும் ஆப்புக்கு அது தேவையில்லை. ஆப்பை நிறுவும் ஏபிகே ஃபைலாக நேரே போனில் ஏற்றுகிறேன். ஆனால் ஆப் ஒரே ஆளிடமிருந்து வருகிறதா என்று போன் அடையாளம் காணும் கையெழுத்துச் சாவி விஷயத்தில் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானாகப் போடும் டீபக் சாவி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வேறு. லேப்டாப் மாறினால் சாவியும் மாறும், பழைய ஆப்மேல் புதியது ஏறாது, நீக்கிவிட்டு ஏற்ற வேண்டிவரும், கணக்கு போகும். தனியாக ஒரு சாவி செய்து இரண்டு பென் டிரைவில் வைத்திருக்கிறேன், ஒன்று வீட்டில், ஒன்று அம்மாவின் பீரோவில்.

நம் பக்கத்தில் குடிதண்ணீருக்குக் கேனை நம்பும் வீடு எத்தனை என்பதை அந்த லைனில் போய்த்தான் உணர்ந்தேன். கடல்நீரிலிருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையை 2010இல் காட்டுப்பள்ளியில் முக்கியமாக வடசென்னைக்காகத் தொடங்கினார்கள். அப்படியும் சமைக்கக் கேன், குடிக்கக் கேன் என்றுதான் வீடுகள் ஓடுகின்றன. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது மாமாவின் லைன் இரண்டு மடங்கானது, பிறகு குறையவே இல்லை. அப்போது வந்த வீடுகள் நோட்டில் தனியாகப் பின்பக்கத்தில் இருந்தன. ஆப்பில் இப்போது அவை தங்கள் தங்கள் தெருவில், சரியான இடத்தில் வந்துவிட்டன. 10, 20, 30 என்று விட்ட இடைவெளி அதற்கு உதவியது.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஐந்தாவது வெர்ஷன். மாமாவிடம் வேலை செய்யும் தம்பி டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்தியநாதன் தெருப் பக்கம் தனி லைன் போடுகிறான். "அக்கா, எனுக்கும் அத்த போட்டுக் குடுக்கா" என்று கேட்டிருக்கிறான். இரண்டு போனின் கணக்கையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இருப்பைச் சேமித்திருந்தால் யாருடைய எண் சரி என்று சண்டை வரும். நடந்ததை மட்டும் எழுதியிருப்பதால், அவன் வரிகளை இவர் வரிகளோடு சேர்த்தாலே போதும். ஒரே வரி இரண்டு முறை வராமலிருக்க ஒவ்வொரு வரிக்கும் மோதாத தனி அடையாள எண் வேண்டும். அதற்கான கட்டத்தைப் போன ஞாயிறு சேர்த்தேன், மைக்ரேஷனோடு.

நேற்று மாமா இன்னொன்று கேட்டார். சேனியம்மன் கோயில் தெருவில் ஒரு வீடு காலிசெய்து மாதவரம் பக்கம் போய்விட்டது. மூன்று காலி கேன் அவர்களோடு போயிருக்கிறது. அந்த வீடு லைனில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, தினமும் ஒருமுறை பட்டனை அழுத்தித் தாண்ட வேண்டியிருக்கிறது. நீக்க ஒரு பட்டன் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீக்காத பாப்பா. அவங்க திரும்ப வந்தா? மூணு கேனு கீது." நோட்டை எடுத்து ஒரு பழைய பக்கத்தைக் காட்டினார். வீட்டுப் பெயரின்மேல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரே கோடு. அடியில் இருப்பது எல்லாம் படிக்க முடிகிறது.

ராத்திரி அதைத்தான் எழுதினேன். பட்டனின் பெயர் 'கோடு போடு'. அழுத்தினால் வீடு லைனிலிருந்து விலகிப் பட்டியலின் அடியில் போய் உட்காரும், பெயரின்மேல் குறுக்கே ஒரு கோடு விழும், மூன்று கேனும் அப்படியே இருக்கும். கோட்டை மென்மையான சாம்பல் நிறத்தில் வைத்திருந்தேன். மாமா பார்த்துவிட்டு, நல்லா அழுத்திப் போடு என்றார். கறுப்பாக்கினேன்.